ஒழுகுவதற்கென்றே ஓர் ஓட்டை

கோபம் வந்தால் சிலருக்கு மூக்கு சிவக்கும். சிலருக்குக் கை நடுங்கும். கடுகுக்குக் காது சுடும். முதலில் இடது காது, பிறகு வலது காது. இரண்டும் சேர்ந்து சுட்டால் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது தெருப் பூனைக்குக்கூடத் தெரியும்.

கடுகு என்பது மாமா வைத்த பெயர். மாமா அவள் அம்மாவின் அண்ணன். வெளியூரில் பேருந்து ஓட்டுகிறவர். "ஆள் சிறுசு, வெடிச்சா வீடு முழுக்கச் சத்தம்" என்று சொல்லித்தான் அந்தப் பெயரை வைத்தார். பத்து வயதாகியும் பெயர் மாறவில்லை. வெடிப்பதும் மாறவில்லை.

அன்று காலையில் எழுந்ததிலிருந்தே கடுகின் இடது காது சுட்டுக்கொண்டிருந்தது. சும்மா ஒன்றும் இல்லை, கண்ணுகளா, நியாயமான காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தம்பி பிறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. அப்பா பார்த்துவிட்டார். மாமா ஊரிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டார். எதிர்வீட்டு அத்தைகூடப் பார்த்துவிட்டு வந்து, "மூக்கு அப்படியே உன் மூக்குடி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். கடுகு மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். "பன்னெண்டு வயசுக்குக் கீழே உள்ளே விடறதில்லை பாப்பா."

"என் தம்பிக்கு நாலு நாள்தான் ஆகுது. அவனை மட்டும் எப்படி உள்ளே விட்டீங்க?"

காவல்காரர் சிரித்துவிட்டார். ஆனால் கதவையும் திறக்கவில்லை.

போகட்டும். இன்று அம்மாவையும் தம்பியையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடுகு தன் கட்டிலைச் சுவர் ஓரமாகத் தள்ளி, தம்பியின் தொட்டிலுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டிருந்தாள். ஒரு பழைய மெத்துமெத்துத் துண்டைத் துவைத்து, காயவைத்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டு காரில் முன் இருக்கையில் ஏறினாள். தம்பியை அதில்தான் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதுதான் திட்டம்.

"கிளம்பலாமாப்பா?"

"கிளம்பியாச்சு" என்றார் அப்பா. பெட்டியில் மடித்தே கிடக்கும் நீலச் சட்டையை அன்று எடுத்துப் போட்டிருந்தார்.

அப்பா குழாய் வேலை செய்கிறவர். அவர் கை வைத்த குழாய் சொட்டாது. சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையைக் கழுவிவிட்டு, அந்த வீட்டுக் குழாயை முடுக்கிவிட்டு வந்து உட்காருவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கார் மாமா கொடுத்தது. அம்மாவுக்கு வயிறு பெரிதானபோது, "மாப்பிள்ளை, இனிமே தங்கச்சியை மோட்டார் சைக்கிள்ல ஏத்தாதீங்க" என்று தன் பழைய காரையே ஓட்டிவந்து நிறுத்தினார். சாவியைக் கொடுக்கும்போது, "கீழே தண்ணி சொட்டினா மட்டும் எனக்கு உடனே ஒரு போன் போடுங்க" என்றார்.

சொட்டத்தான் செய்தது. போன மாதம் ஒரு சாயங்காலம், வாசலில் கார் நின்ற இடத்தில் பச்சையாக ஒரு சின்னக் குட்டை. கடுகுதான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, பச்சைத் தண்ணி சொட்டுது. மாமாவுக்குப் போன் பண்ணுங்க."

"குழாய்க்காரன் வீட்டு வண்டி ஒழுகுதுன்னு அந்தக் குழாய்க்காரனே போன் பண்ணிச் சொல்லணுமா? நல்லா இருக்கே கதை."

அப்பா சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். கடுகு பக்கத்தில் குப்புறப் படுத்து டார்ச் பிடித்தாள்.

"தெரியுதா? அதுதான் வாட்டர் பம்ப். என்ஜினைச் சுத்தித் தண்ணியை ஓடவிடறது அதோட வேலை. அது நின்னா என்ஜின் கொதிச்சுப்போகும். அதுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கு பார். அதுல இருந்துதான் வருது."

கடுகு பார்த்தாள். "அந்த ஓட்டை ரொம்ப வட்டமா இருக்கேப்பா. யாரோ அளவெடுத்துப் போட்ட மாதிரி."

"ஓட்டைன்னா ஓட்டை. வட்டமென்ன, சதுரமென்ன? டார்ச்சை ஆட்டாம பிடி."

குழாய் அடைக்கும் சாம்பல் நிறப் பசையை உருட்டி, ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து. முடிந்தது. மறுநாள் காலையில் வாசலைப் பார்த்துவிட்டு, "எங்கே, ஒரு சொட்டுக் காட்டு பார்ப்போம்" என்று அப்பா பெருமையாகக் கேட்டார். தரை காய்ந்து கிடந்தது. கடுகு பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அந்தக் கார்தான் இன்று கடைவீதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் எங்கேயோ கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"எலி மாதிரி கத்துதேப்பா."

"பழைய வண்டின்னா நாலு சத்தம் வரும்."

கீச் சத்தம் கரகரவென்று மாறியது. கடுகு அப்பாவுக்கு முன்னால் என்ஜின் சூட்டைக் காட்டும் வட்டத்தைப் பார்த்தாள். "அப்பா, அந்த முள்ளு சிவப்புக்குப் போகுது."

"அது சும்மா ஆடும்."

"ஆடலை. ஏறுது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முன்மூடியின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி பீறிட்டது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்தார். எதிரே ஒரு பெயின்ட் கடை. பூட்டு தொங்கியது. தெருவில் நிழலென்று சொல்ல அந்தக் கடையின் படிக்கட்டு மட்டும்தான்.

முன்மூடியைத் தூக்கினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, ஒரே புகை. அடியில் பச்சைத் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துணியை எடுத்து, ரேடியேட்டர் மூடியைத் திருகக் கையை நீட்டினார்.

கடுகு அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்தது.

"திறக்காதீங்கப்பா. உள்ளே கொதிக்குது. திறந்தா மூஞ்சியில அடிக்கும். வெந்நீர் டேங்க் பக்கத்துல என்னை நிக்கக்கூட விட மாட்டீங்களே, இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

அப்பாவுக்குத் தெரியாததா? தெரியும். கோபம் வந்தால் தெரிந்ததெல்லாம் முதலில் ஓடிப்போகும். துணியை வீசி எறிந்தார். டயரை ஓங்கி ஓர் உதை விட்டார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் குதித்தார்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன். அப்பாவின் கையெல்லாம் கரி. ஒரு விரலால் தட்டி, போனை வண்டிக் கூரைமேல் வைத்துச் சத்தமாகப் பேச விட்டார்.

"எங்கே இருக்கீங்க மாப்பிள்ளை? எல்லாம் முடிஞ்சு அரை மணி நேரமா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம்."

"நடுத்தெருவில நிக்கிறேங்க மச்சான்."

கடுகு சட்டென்று நிமிர்ந்தாள். மாமாவிடம் அப்பா எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் கோபம் ஏற ஏற அந்த மரியாதையும் ஏறும். அளவுக்கு மீறி 'ங்க' வந்தால் ஆபத்து.

"நீங்க ஆசையாக் கொடுத்தீங்களேங்க ஒரு வண்டி, அது ஆவி விட்டுக்கிட்டு நிக்குதுங்க. எங்களுக்குன்னே தேடிப்பிடிச்சுக் கொடுத்தீங்களாங்க?"

"என்ன பேச்சு இது? சொட்டினாச் சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"சொட்டலைங்க. இந்த ஒரு மாசமா ஒரு சொட்டுக்கூடச் சொட்டலைங்க."

கடுகின் வலது காதும் சுட ஆரம்பித்தது. அப்பா சொன்னது உண்மைதான். பொய்யும்தான். எப்படி இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

"அப்போ நான் தெரிஞ்சே ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டேன், அதானே?" மாமாவின் குரல் கூரைமேல் அதிர்ந்தது. "சரி. ஓட்டை வண்டி கொடுத்தவன் வீட்டுக் கூரை நல்லாத்தான் இருக்கு. தங்கச்சியையும் பிள்ளையையும் இப்பவே டாக்சி வச்சு எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு எப்போ வண்டி கிடைக்குதோ அப்போ வந்து பார்த்துக்கோங்க."

"தாராளமாப் போங்க."

"பெத்தவ நான் ஒருத்தி நிக்கிறேன், என்னை யாராவது கேட்டீங்களா?" என்று நடுவில் அம்மாவின் குரல் கேட்டது. அதற்குள் போன் அணைந்தது.

மாமாவின் ஊர் ஒரு பகல் முழுக்கப் பயணம். தம்பி அங்கே போய்விட்டால் பள்ளி விடுமுறை வரும்வரை அவனைப் பார்க்க முடியாது. அதற்குள் அவன் யார் யாரையோ பார்த்துச் சிரிக்கப் பழகியிருப்பான்.

"சொட்டலைன்னு ஏன் சொன்னீங்க?" கடுகு கத்தினாள். "சொட்டுச்சு. நீங்கதான் அடைச்சீங்க."

"பெரியவங்க விஷயத்துல தலையிடாதே. வாயை மூடிட்டு வண்டியில ஏறு."

கடுகு வண்டியில் ஏறவில்லை. கூரையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, பெயின்ட் கடைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

மாமாவின் எண் முதலிலேயே இருந்தது. ஒரே ஒரு தட்டு. 'மாமா, அப்பாதான் அடைச்சார், நான்தான் டார்ச் பிடிச்சேன்.' அவ்வளவுதான். சொல்லிவிட வேண்டியதுதான். விரலைக் கொண்டுபோனாள்.

அப்போது அப்பா கண்ணில் பட்டார். வண்டிக்கு முன்னால் நின்று, பொத்தான் போன இடத்தை மூட முடியுமா என்று சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அதைத் துடைக்கப் போய் இன்னும் ஐந்து.

அவரும் தம்பியைக் கூட்டிவரத்தானே அதைப் போட்டுக்கொண்டார்.

கடுகு விரலை எடுத்தாள். கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. காது அப்படியே சுட்டது. ஆனால் சுடுகிற காதோடும் யோசிக்கலாம், செல்லங்களா. அவள் யோசித்தாள்.

இவள் போட்டுக் கொடுத்தால் மாமா ஜெயிப்பார். அப்பா தோற்பார். தோற்ற அப்பா இன்னும் சத்தமாகக் கத்துவார். ஜெயித்த மாமா இன்னும் வேகமாக டாக்சி பிடிப்பார். தம்பி வீட்டுக்கு வர மாட்டான். அப்பாவே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அப்பாவே பார்க்க வேண்டும்.

எழுந்து வந்தாள். வண்டிக்குள் கைவிட்டு எதையோ எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்தத் தையல்காரர் கதையைச் சொல்லுங்களேன்."

"இப்பவா? உனக்கென்ன பைத்தியமா?"

"வண்டி ஆறணும் இல்லை? சும்மாதானே நிக்கிறோம். சொல்லுங்க."

தையல்காரர் கதை அப்பாவுக்குப் பிடித்த கதை. ஒரு வாரமாகத் தினம் சொல்லி, தினம் கொதித்துக்கொண்டிருந்தார். யார்மேலாவது கோபத்தைக் கொட்ட வேண்டியிருந்தது. தையல்காரர் வாகாகக் கிடைத்தார்.

"என்னத்தைச் சொல்ல? அந்த ஆள் வீட்டு மாடியில தண்ணி டேங்க். டேங்க்குக்கு மேல் ஓரத்துல ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிட்டு இருக்கும். திடீர்னு ஒருநாள் அது சொட்டுது. சொட்டினா என்னன்னு பார்க்கணுமா, வேண்டாமா? இந்த ஆள் என்ன பண்ணினார்? வெட்டின துணியைச் சுருட்டி அதுல திணிச்சுட்டார்."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் என்ன, உள்ளே வால்வு கெட்டுப்போய் டேங்க் நிரம்பி, நாலு பக்கமும் வழிஞ்சு, மாடி ஊறி, தைச்சு வச்ச துணியெல்லாம் நாசம். குழாய் போட்டவன் சரியில்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "ஏன்யா, அது ஒழுகறதுக்குன்னே வச்ச குழாய்யா. உள்ளே ஒண்ணு கெட்டுப்போனா உனக்குச் சொல்றதுக்கு வச்சது. சொல்ல வந்தவன் வாயில துணியை வச்சு அடைச்சுட்டு, இப்போ..."

கடுகு முதுகுக்குப் பின்னாலிருந்து டார்ச்சை எடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது மாதிரியே ஆடாமல் என்ஜினுக்குள் வெளிச்சம் அடித்தாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று குனிந்தார். இன்னும் குனிந்தார். கடைசியில் நீலச் சட்டையோடு தெருவில் முழங்கால் போட்டார்.

வாட்டர் பம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் நடுவில் இருந்த சக்கரம் ஆடும் பல் மாதிரித் தொளதொளவென்று ஆடியது. வெளியே சொட்ட வழியில்லாத தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றி, சுழலும் இடத்தையெல்லாம் அரித்துத் தின்றிருந்தது. அடியில் அந்தச் சாம்பல் நிறப் பசை மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக.

அப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அது ஏன் வட்டமா இருக்குன்னு அன்னைக்கே கேட்டேன்" என்றாள் கடுகு. சொல்லாமல் விட்டிருக்கலாம். என்ன செய்வது, அவளும் மனுஷிதானே.

"கேட்டே" என்றார் அப்பா. குரலில் சத்தமே இல்லை. "நான்தான் டார்ச்சை ஆட்டாதேன்னேன்."

முழங்காலில் இருந்தபடியே கையை நீட்டினார். கடுகு போனைக் கொடுத்தாள்.

"மச்சான்." இந்த முறை கூடுதலாக ஒரு 'ங்க'கூட இல்லை. "சொட்டுச்சு. நான்தான் அடைச்சேன்."

"எதை?"

"பம்புக்கு அடியில இருக்கிற ஓட்டையை."

மாமா ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "உள்ளே தேஞ்சா வெளியே சொட்டிக் காட்டறதுக்காகப் போட்ட ஓட்டை அது. அதை, ஒரு குழாய்க்காரர், அடைச்சீங்க."

"ஆமா. பசை வச்சு அடைச்சேன். உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

மாமா சும்மா விடவில்லை. எப்படி விடுவார்? பொல்லாத பேச்செல்லாம் கேட்டவராயிற்றே. பேருந்தின் ஹாரன் மாதிரி முழங்கினார். அப்பா குனிந்த தலை நிமிராமல், "ஆமா", "நியாயம்தான்", "அதுவும் நியாயம்தான்" என்று கேட்டுக்கொண்டார். ஐந்தாவது 'நியாயம்தான்' வந்தபோது ஹாரன் தானாக ஓய்ந்தது. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா உங்க பஞ்சாயத்து? நாங்க டாக்சியில ஏறி உக்காந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? எந்தப் பக்கம் போகணும்னு டிரைவர் கேட்டுக்கிட்டே இருக்கார். உங்க யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை. கடுகுகிட்ட கொடுங்க."

கடுகு வாங்கினாள். "அம்மா, பூட்டின பெயின்ட் கடைக்கு எதிர்ல நிக்கிறோம். ரோட்டுல பச்சைத் தண்ணி ஓடுது. அதைப் பார்த்துட்டே வாங்க, நாங்க இருப்போம்."

டாக்சி வந்தது. மாமாதான் முதலில் இறங்கினார். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. அப்பாவைத் தாண்டி நேராக என்ஜினிடம் போனார். கையை நீட்டினார். கடுகு டார்ச்சைக் கொடுத்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரேகை அழகா விழுந்திருக்கு மாப்பிள்ளை" என்றார் நிமிர்ந்து. "போலீசுக்கு வேலையே வைக்கலை நீங்க."

அப்பா கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டார்.

"மெக்கானிக்குக்குச் சொல்லிட்டேன், கயிறு எடுத்துட்டு வர்றார். வண்டியை இழுத்துட்டுப் போய்ப் புது பம்பு போட்டுடலாம். ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார் மாமா.

கடுகு அதையெல்லாம் கேட்கவே இல்லை. அவள் டாக்சிக்குள் அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா துணியை விலக்கினாள்.

தம்பி கத்திக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் இறுக்கி மூடி, கண்ணை இடுக்கி, யார்மேலோ பயங்கரக் கோபத்தில் இருந்தான். மூக்கு அவள் மூக்கு மாதிரி இல்லவே இல்லை. எதிர்வீட்டு அத்தை சும்மா சொல்லியிருக்கிறாள். கடுகு ஒரு விரலால் அவன் காதைத் தொட்டுப் பார்த்தாள். செக்கச் செவேல் என்று இருந்த அந்தக் குட்டிக் காது, சுட்டது.

"அம்மா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "இவன் என் ஆளு."

கொண்டுவந்த துண்டில் அவனைச் சுற்றினார்கள். அப்பா கையைத் துடைத்துத் துடைத்து, ஜன்னல் வழியாக நீட்டினார். "ஒரே ஒரு நிமிஷம் கொடு."

அப்பாவின் நெஞ்சில் சாய்ந்ததும் தம்பியின் கத்தல் சட்டென்று நின்றது. இறுக்கி மூடியிருந்த கை விரிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

அப்போது துண்டின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நீலச் சட்டையில் வெதுவெதுப்பாக ஒரு வாய்க்காலே இறங்கியது.

"மாப்பிள்ளை, ஒழுகுதே" என்றார் மாமா.

"அப்பா" என்றாள் கடுகு, "அடைக்கிறதுக்குப் பசையைத் தேடாதீங்க."

அம்மாதான் முதலில் சிரித்தாள். ஊரில் ஒரு சொட்டுச் சத்தம் பொறுக்காத அப்பா, அந்தத் தெருவோரத்தில் கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும், கையை ஆட்டாமல், ஆடாமல் அசையாமல் நின்றார்.